‘ஜூனியர் ஹேண்ட்லர்’: தமிழில் என்ன சொல்லலாம்?

பொருள்: ஜூனியர் ஹேண்ட்லிங் – சொல் வேண்டும்

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

நாய்க் கண்காட்சியில் பிள்ளைகள் நாயைக் கொண்டுவந்து நடுவருக்குக் காட்டும் போட்டிக்கு ஜூனியர் ஹேண்ட்லிங் என்று பெயர். முதல்முறை இறங்கும் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுத உட்கார்ந்தேன். தலைப்பிலேயே வண்டி நின்றுவிட்டது.

‘கையாளுநர்’ என்று எழுதினால் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுபவர் நினைவுக்கு வருகிறார். ‘நடத்துநர்’ கையில் டிக்கெட் கட்டு இருக்கிறது. ‘பயிற்றுநர்’ வேறு ஆள். ‘நாய் பிடிப்பவர்’ என்றால் தெருவே மாநகராட்சி வண்டியைத் தேடும். என் பத்து வயது மகளுக்குப் ‘பாகன்’ பிடித்திருக்கிறது. யானைக்கு இருந்தால் எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு ஏன் கூடாது என்கிறாள். ஆனால் பாகனுக்குப் பெண்பால் என்னவென்று கேட்டதும் அவளே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

சொல் தேடுபவர்களுக்கு ஒரு விளக்கம். இந்தப் போட்டியில் நாயின் அழகுக்கு மதிப்பெண் இல்லை. நாயைப் பிள்ளை எப்படிக் காட்டுகிறது என்பதைத்தான் நடுவர் பார்க்கிறார். ஆனாலும் பிள்ளை தன்னை முன்னிறுத்தக் கூடாது; பார்ப்பவர் கண் நாயின் மேல் நிற்க வேண்டும். நடுவருக்கும் நாய்க்கும் குறுக்கே வரவே கூடாது.

இந்தக் கடைசி விதியில்தான் எங்கள் முதல் கண்காட்சி கவிழ்ந்தது. நடுவர் நடுவில் நிற்பார், நாய் பிள்ளையின் இடப்பக்கம் ஓடும், ஆகவே களத்தைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். மகளோ கோயில் பிரகாரம் சுற்றிய பழக்கத்தில் வலமாகவே கிளம்பிவிட்டாள். நடுவருக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய பாவாடைதான். நாய் அதற்கு அப்பால் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

அதன்பின் மொட்டை மாடியில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு முக்கோணம் வரைந்தோம். முனையில் நாற்காலி போட்டு அவள் அப்பா நடுவராக உட்கார்ந்தார். போகும்போது நாயின் பின்னங்கால், குறுக்கே போகும்போது பக்கவாட்டு நடை, திரும்பி வரும்போது முன்னங்கால், மூன்றும் அவர் கண்ணில் பட வேண்டும். தினமும் பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. நாய்க்குச் சலித்துவிட்டால் பிள்ளைக்கும் சலித்துவிடும்.

‘கையாளுதல்’ இதில் எதைச் சொல்கிறது?

– சென்னையிலிருந்து

மறு: ஜூனியர் ஹேண்ட்லிங் – சொல் வேண்டும்

அம்மா, வணக்கம்.

எனக்கு நாய்க் கண்காட்சி தெரியாது, மாட்டுச் சந்தை தெரியும். அந்தியூரிலும் கண்ணபுரத்திலும் நான் பார்த்த காட்சியைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். வாங்க வந்தவர் முதலில் வாயைத் திறந்து பல் பார்ப்பார். சுழி பார்ப்பார். பிறகு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு, “கொஞ்சம் நடத்திக் காட்டுங்கள்” என்பார். பின்னாலிருந்து பார்த்தால் கால் வீசுவது தெரியும், பக்கத்திலிருந்து பார்த்தால் நொண்டு தெரியும். கயிறு பிடித்தவன் கெட்டிக்காரனாக இருந்தால் மாடு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். விலை பேசுவது துண்டுக்குள், அது உங்களுக்கு வேண்டாத கதை.

ஆகவே ‘நடத்திக்காட்டல்’. புதிதாகச் செய்த சொல் அல்ல, புழங்குகிற சொல். நடக்க வைப்பதும் காட்டுவதும் சேர்ந்தே இருக்கின்றன.

– ஈரோட்டிலிருந்து

மறு: மறு: ஜூனியர் ஹேண்ட்லிங் – சொல் வேண்டும்

ஐயாவின் சொல் அருமை. ஆனால் ஆளைச் சொல்லப் போனால் ‘நடத்திக்காட்டுநர்’ என்று வாய் நிறைந்துவிடும். சுருக்கிக் ‘காட்டுநர்’ என்றால் காட்டிலிருந்து வந்தவர் மாதிரி இருக்கிறது. ‘நடைகாட்டி’ என்று வைத்தால் என்ன? வழிகாட்டி இருக்கிறாரே.

ஆங்கிலத்திலேயே பெயர் மாறிய கதை ஒன்றும் உண்டு. 1932-இல் நியூயார்க் பக்கம் வெஸ்ட்பரி கென்னல் சங்கம் என்ற நாய் வளர்ப்போர் சங்கத்தின் கண்காட்சியில் லெனார்ட் பிரம்பி என்ற தொழில்முறை ஹேண்ட்லர் பிள்ளைகளுக்கென்று இந்தப் போட்டியை ஏற்பாடு செய்தார். அப்போது அதன் பெயர் ‘சில்ட்ரன்ஸ் ஹேண்ட்லிங்’. 1951-இல் ‘ஜூனியர் ஷோமேன்ஷிப்’ ஆக்கினார்கள். அமெரிக்கர்கள் கையை விட்டுவிட்டுக் காட்சிக்குப் போனார்கள், பிரிட்டனில் இன்னும் ஹேண்ட்லிங்தான். நாம் ‘காட்டு’ என்ற வேரைப் பிடிப்பதில் தவறே இல்லை.

‘சிறுவர்’ மட்டும் வேண்டாம். அமெரிக்கன் கென்னல் கிளப் 9 வயது முதல் 18 நிறையும்வரை சேர்க்கிறது. பிரிட்டனின் யங் கென்னல் கிளப்பில் 6 முதல் 24 வரை. இருபத்து நான்கு வயதுக்காரரைச் சிறுவர் என்றால் கோபித்துக்கொள்வார். ‘இளையோர்’ என்று போடுங்கள்.

– மதுரையிலிருந்து

மறு: நடைகாட்டி

எனக்கு உடன்பாடில்லை. திசைகாட்டி, நாட்காட்டி எல்லாம் கருவிகள். நடைகாட்டி என்றால் அடி எண்ணும் கடிகாரம் என்று நினைப்பார்கள். அதோடு, பாதி நேரம் நாய் நடப்பதே இல்லை, அசையாமல் நிற்கிறது. அதற்கு ‘ஸ்டாக்’ என்று பெயர். நடையில் அது எங்கே அடங்குகிறது?

– திருச்சியிலிருந்து

மறு: மறு: நடைகாட்டி

திருச்சி நண்பரின் இரண்டாவது கேள்வி நியாயமானது. நிறுத்துவதுதான் நடத்துவதைவிடக் கடினம். முன்னங்கால்கள் தோளுக்கு நேர்கீழே தூண் போல இறங்க வேண்டும், பின்னங்காலில் குதிமூட்டுக்குக் கீழ்ப்பகுதி தரைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். மகள் ஒரு காலைச் சரிசெய்து நிமிர்வதற்குள் நாய் இன்னொன்றை நகர்த்திவிடும். பாதத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். முன்னங்காலை முழங்கைப் பக்கம் பிடித்துத் தூக்கி வைத்தால் நாய் மறுப்பதில்லை என்று தெரிந்துகொள்ளவே எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. இதை ‘நிலைநிறுத்தல்’ என்று தனியாகவே எழுதிவிடுகிறேன்.

ஆனால் ‘நடைகாட்டி’யை விட மனம் வரவில்லை. தமிழில் நடை காலோடு முடிவதில்லை. நடை உடை பாவனை என்கிறோம். நடுவர் பிள்ளையிடம் பார்ப்பதும் ஏறக்குறைய அதையேதான். சட்டையின் நிறம் நாயின் நிறத்தோடு கலந்து அதை மறைக்கிறதா, குனிந்தால் உடை தடுக்குகிறதா, நாய் முரண்டு பிடித்தால் பிள்ளை முகம் சுளிக்கிறதா, எண் அட்டை இடக் கையில் ஒழுங்காக இருக்கிறதா. கடைசி இடம் வந்தாலும் முதலிடம் வந்தவருக்குக் கை கொடுக்கிறதா என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன், மதிப்பெண் இல்லாவிட்டாலும்.

கருவி என்ற குழப்பத்துக்கு மதுரை நண்பரே விடை சொல்லிவிட்டார். வழிகாட்டி நூலும் உண்டு, ஆளும் உண்டு.

எனவே போட்டிக்கு ‘இளையோர் நடைகாட்டல்’, ஆளுக்கு ‘இளம் நடைகாட்டி’. விளக்கும் இடங்களில் ஐயாவின் ‘நடத்திக்காட்டு’ வினையாக வரும். ‘ரிங்’ பெரும்பாலும் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இருப்பதால் வளையம் வேண்டாம், ‘களம்’. நாயின் கண்ணைத் தன் பக்கம் திருப்பப் பிள்ளை பையில் வைத்திருக்கும் வேகவைத்த ஈரல் துண்டுக்குக் ‘கவனத்தீனி’ என்று வைத்திருக்கிறேன். எங்கள் சிப்பிப்பாறை அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும், அது வேறு விஷயம்.

ஒன்று பாக்கி. ‘ஷோ லீட்’, கழுத்தில் மாட்டும் அந்த மெல்லிய கயிறு.

– சென்னையிலிருந்து

மறு: மறு: மறு: நடைகாட்டி

தும்பு. மாட்டுக்கு அதுதான். “தும்பை விட்டு வாலைப் பிடிப்பது” தெரியுமல்லவா?

– ஈரோட்டிலிருந்து

மறு: தும்பு

ஐயா, அதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பீகிள் இன நாய்க்கு வாலைத் தூக்கிப் பிடித்துக் காட்டுவது வழக்கம். ஒரு பையன் அதில் மும்முரமாக இருந்து கயிற்றைக் கோட்டைவிட்டான். பீகிள் பக்கத்துக் களத்துக்குள் புகுந்து, அங்கே நடுவரின் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டது. தும்பு என்றே எழுதிக்கொண்டேன்.

– சென்னையிலிருந்து