24 வயதில் ஹேர் டிரான்ஸ்பிளான்ட்: இப்போதே செய்யலாமா, பொறுக்கலாமா?

பனியன் ஊர்க்காரன்:

வணக்கம். எனக்கு வயது 24. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். கல்லூரி மூன்றாம் ஆண்டிலிருந்தே நெற்றியின் இரண்டு ஓரமும் பின்னால் ஏற ஆரம்பித்தது. இப்போது முன்பக்கம் நடுவில் மட்டும் ஒரு கொத்து நிற்கிறது. உச்சியில் லைட் வெளிச்சம் பட்டால் தோல் தெரிகிறது. அப்பாவுக்கு முப்பதிலேயே முழு வழுக்கை. தாய்மாமா இரண்டு பேருக்கும் அப்படித்தான்.

வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு இடத்தில் போட்டோவைப் பார்த்துவிட்டு "பையனுக்கு வயசு கூடத் தெரியுதே" என்று சொன்னார்களாம். அம்மா என்னிடம் சொல்லவில்லை, சித்தி வழியாகத்தான் தெரிந்தது. அதற்கப்புறம் கண்ணாடி முன்னால் நிற்கவே பிடிக்கவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். பின்மண்டையிலிருந்து 3500 கிராஃப்ட் (முடி வேர்க்கொத்து) எடுத்து வைத்தால் முன்பக்கம் முழுக்க மூடிவிடலாம், தீபாவளி முடிந்ததும் செய்தால் தை மாதக் கல்யாணத்துக்குச் சரியாக இருக்கும் என்றார் அங்கிருந்த ஆலோசகர். இந்த மாதமே அட்வான்ஸ் கட்டினால் சலுகை, மீதிக்கு இஎம்ஐ. டாக்டரை இன்னும் பார்க்கவில்லை, செய்கிற அன்று வருவாராம். இதுவரை மாத்திரை எதுவும் சாப்பிட்டதில்லை. வெங்காயச் சாறும் கரிசலாங்கண்ணி எண்ணெயும் தேய்த்திருக்கிறேன்.

செய்துகொண்ட அண்ணன்மார்கள் சொல்லுங்கள். இந்த வயதில் செய்யலாமா? பொறுக்க வேண்டும் என்றால் எதுவரை?

ராஜபாளையம் ரவி:

நண்பா, எல்லாம் தண்ணீர்தான். போர் தண்ணீரில் குளிப்பதை நிறுத்திப் பாருங்கள். எனக்குச் சென்னை வந்த பிறகுதான் கொட்ட ஆரம்பித்தது.

பொருநைக்கரையான்:

தம்பி, அட்வான்ஸ் கட்ட வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படியுங்கள்.

ரவி சொல்வதுபோல உப்புத் தண்ணீரில் முடி வறண்டு சிக்காகும், உடையும். ஆனால் ஓரம் ஏறி, உச்சி தெரிந்து, அப்பாவுக்கும் மாமாவுக்கும் இருப்பது தண்ணீரால் வருவதில்லை. டிஹெச்டி என்ற ஹார்மோனுக்கு வேர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவதால் வருவது. அது ஊர் மாறினாலும் நிற்காது.

எனக்கு இப்போது 38. நான் 33 வயதில் செய்துகொண்டேன். என் சித்தி மகன் 23 வயதில் செய்தான். இரண்டு தலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அவனுக்கும் உங்களைப் போலவே ஓரங்கள் ஏறி நடுவில் கொத்து. பள்ளிக்கூடப் பையனுக்கு இருப்பதுபோல நெற்றியைத் தாழ்வாக, நேர்கோடாக வரைந்து நட்டார்கள். முதல் இரண்டு வருடம் பார்க்க அருமையாக இருந்தான். நட்ட முடி பின்மண்டையிலிருந்து வந்தது, டிஹெச்டிக்கு அசையாத ஜாதி, அது நின்றது. அதற்குப் பின்னால் இருந்த அவனுடைய சொந்த முடி கொட்டுவதை யாரும் நிறுத்தவில்லை. மாத்திரை பற்றி ஒரு வார்த்தை கூட அங்கே பேசவில்லை. இப்போது முன்னால் ஒரு பட்டை முடி, அதற்குப் பின்னால் வெறும் தோல். அதை மூடலாம் என்று வேறொரு டாக்டரிடம் போனான். பின்மண்டையில் எடுக்க மிச்சம் அதிகமில்லை என்று சொல்லிவிட்டார். தொப்பி இல்லாமல் அவன் வெளியே வருவதில்லை. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது பிசையும்.

நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவன், எனக்குப் புரிகிற விதத்தில் சொல்கிறேன். பின்மண்டை என்பது வட்டி வராத வைப்புத்தொகை. எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. பலருக்கு ஆயுள் முழுக்கச் சேர்த்தே 5000, 6000 கிராஃப்ட்தான் பாதுகாப்பாக எடுக்க முடியும். ஒரு கிராஃப்ட் என்பது ஒரு வேர்க்கொத்து, அதில் ஒன்றிலிருந்து நான்கு முடி வரை இருக்கும். உங்கள் அப்பாவின் தலை மாதிரி முழுக்கப் போனால் வெறுமையாகும் இடம் சுமார் 200 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 வைத்தால் கூட 8000 வேண்டும். அது பெரும்பாலோரிடம் இருக்காது. அதனால்தான் எங்கே வைப்பது, எங்கே விடுவது என்பதை வழுக்கை எதுவரை போகும் என்று ஓரளவு தெரிந்த பிறகு முடிவு செய்ய வேண்டும். 24 வயதில் 3500ஐ முன்பக்கத்திலேயே இறக்கிவிட்டால், 35 வயதில் உச்சி போகும்போது கையில் என்ன இருக்கும்? உங்கள் ஆலோசகர் இந்தக் கணக்கை உங்களிடம் போட்டுக் காட்டினாரா?

இப்போது தை மாதக் கணக்கு. நட்ட முடியில் பெரும்பாலானது இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் கொட்டிவிடும். வேர் உள்ளே இருக்கும், முடி போய்விடும். சுற்றியிருக்கிற பழைய முடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் கொட்டலாம். மூன்று, நான்கு மாதம் கழித்துத்தான் மெல்லிசாக முளைக்க ஆரம்பிக்கும். முன்பக்கம் நன்றாகத் தெரிய ஒரு வருடம், உச்சிக்கு ஒன்றரை வருடம் வரை ஆகும். தீபாவளி கழித்துச் செய்தால் தை மாதம் மணவறையில் உட்காரும்போது செய்வதற்கு முன்னால் இருந்ததைவிட முடி குறைவாகக்கூட இருக்கலாம், தோலும் சிவந்திருக்கலாம். சரியாக இருக்கும் என்று சொன்னவர் தேதி பார்த்துச் சொல்லவில்லை, அட்வான்ஸைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

எதுவரை பொறுப்பது என்று கேட்டீர்கள். வயது ஒரு குத்துமதிப்புதான். 25க்குக் கீழே இருந்தால் பல சர்ஜன்கள் தொடவே மாட்டார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நிஜமான அளவுகோல், கொட்டுவது நின்றிருக்கிறதா என்பது. நான் முதலில் தோல் டாக்டரிடம் போய் மருந்து ஆரம்பித்தேன். ஒரு வருடத்துக்கு மேல் போட்டோ எடுத்து ஒப்பிட்டு, உச்சி அப்படியே நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் முன்பக்கத்துக்கு மட்டும் 1800 கிராஃப்ட் வைத்தார். நெற்றிக் கோட்டை இளைஞனுக்குரிய இடத்தில் வைக்கவில்லை, கொஞ்சம் மேலே, ஓரங்களை லேசாக உள்வாங்கி வைத்தார். 60 வயதிலும் முகத்துக்குப் பொருந்த வேண்டும் என்றார். மாத்திரையை இன்றும் சாப்பிடுகிறேன்.

பனியன் ஊர்க்காரன்:

அண்ணா, ரொம்ப நன்றி. இந்த 8000 கணக்கை யாருமே சொல்லவில்லை. இரண்டு சந்தேகம். மாத்திரை என்றால் ஃபினாஸ்டரைடா? அதைச் சாப்பிட்டால் தாம்பத்தியத்தில் பிரச்சினை வரும், குழந்தை பிறக்காது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். கல்யாண நேரத்தில் அதைத் தொடவே பயமாக இருக்கிறது. இன்னொன்று, குலதெய்வத்துக்கும் பழனிக்கும் எங்கள் வீட்டில் மொட்டை அடிக்கும் வழக்கம் உண்டு. நட்ட பிறகு மொட்டை போடலாமா?

டாக்டர் அக்கா தஞ்சை:

நான் தோல் மருத்துவர். நேரில் பார்க்காமல் மருந்து எழுத மாட்டேன், ஆனால் பயத்துக்குப் பதில் சொல்லலாம்.

ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம், ஆண்களின் வழுக்கைக்காக 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை. ஆய்வுகளில் 100 பேரில் ஏறக்குறைய 4 பேருக்குப் பாலியல் தொடர்பான தொந்தரவு வந்தது, ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 2 பேருக்கு. பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகிவிடுகிறது, நீண்ட நாள் நீடித்ததாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். சிலருக்கு மனச்சோர்வு வரலாம். விந்தணு எண்ணிக்கை சிலருக்குக் குறையலாம், குழந்தைக்கு முயற்சி செய்யும்போது டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்தி வைக்கலாம். கர்ப்பமாக இருக்கும் பெண் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது. சாப்பிடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் ரத்த தானம் செய்யக்கூடாது. இதெல்லாம் தெரிந்துகொண்டு எடுப்பவருக்கு அது பயனுள்ள மருந்து. பலன் தெரிய 6 மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும், நிறுத்தினால் பலனும் போய்விடும். மாத்திரை வேண்டாம் என்றால் தடவும் மினாக்சிடில் 5 சதவீதம் இருக்கிறது. அதில் முதல் சில வாரம் முடி கூடுதலாகக் கொட்டலாம், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

தம்பி, உங்களுக்கு இருப்பது பரம்பரை வழுக்கைதானா என்பதை டெர்மாஸ்கோப் (தோலையும் முடியையும் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வைத்து ஒருவர் பார்க்கட்டும். தடித்த முடியும் மெல்லிய முடியும் கலந்திருந்தால் தெரிந்துவிடும். டெங்கு, டைபாய்டு வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வேறு, அது தானே முளைத்துவிடும். புழுவெட்டு வேறு, அது முனைப்பாக இருக்கும்போது நடவே கூடாது. தைராய்டு, இரும்புச்சத்தும் பார்த்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் அரசு மருத்துவக் கல்லூரி தோல் பிரிவு ஓபியிலேயே நடக்கும்.

எனக்குக் கவலை தந்தது வேறொரு வரி. "டாக்டர் செய்கிற அன்று வருவார்" என்று எழுதியிருக்கிறீர்கள். 2016இல் சென்னையில் முடி நடப் போன ஒரு இளைஞர், அவரே மருத்துவம் படித்தவர், உயிரோடு திரும்பவில்லை. மணிக்கணக்கில் மரப்பு ஊசி போட்டுச் செய்யும் அறுவை இது. தகுந்த பயிற்சி பெற்ற, பதிவுபெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும், யூடியூபிலோ பயிலரங்கிலோ பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. திட்டம் போடுகிறவர், நெற்றிக் கோடு வரைகிறவர், வெட்டுகிறவர் யார் என்று பெயரோடு கேளுங்கள். டாக்டரை நேரில் பார்க்காமல் கிராஃப்ட் எண்ணிக்கை சொல்லும் இடத்தில் தலையைக் கொடுக்காதீர்கள்.

திண்டுக்கல் தினேஷ்:

நான் செய்யாமல் விட்டவன். எனக்கு 29. 3 நம்பர் மெஷின் வைத்து ஒட்ட வெட்டிக்கொள்கிறேன், தாடி வைத்திருக்கிறேன். வரன் போட்டோவிலும் அப்படியே கொடுக்கச் சொன்னேன். இரண்டு இடம் தள்ளிப் போனது உண்மைதான், வலித்தது. இப்போது என் மனைவியாக இருப்பவர் அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் சம்மதித்தார். பொறுக்கிற அந்த ஒரு வருடத்தில் இதையும் ஒரு மாதம் செய்து பாருங்கள் தம்பி. பழைய போட்டோவைக் கொடுத்து ஏமாற்ற மட்டும் வேண்டாம்.

பொருநைக்கரையான்:

தினேஷ் சொன்னதை நான் முழு மனதோடு ஆமோதிக்கிறேன்.

மொட்டை கேள்வி நல்ல கேள்வி, பலர் கேட்பதே இல்லை. நட்ட முடி வேரோடு ஊன்றிவிட்ட பிறகு மொட்டை அடித்தால் திரும்ப வளரும், எப்போது அடிக்கலாம் என்பதை உங்கள் சர்ஜன் சொல்லட்டும். நேர்த்திக்கடன் பாக்கி இருந்தால் சிகிச்சைக்கு முன்னாலேயே முடித்துவிடுவது நிம்மதி. முக்கியம், எந்த முறையில் செய்கிறீர்கள் என்பது. எஃப்யூடி என்றால் பின்மண்டையிலிருந்து ஒரு பட்டைத் தோலை எடுத்துத் தைப்பார்கள், காதுக்குக் காது ஒரு கோடு நிற்கும். மொட்டை போடுகிற குடும்பத்தில் அது பளிச்சென்று தெரியும். எஃப்யூஇ என்றால் ஒவ்வொன்றாக எடுப்பது, சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள்தான் இருக்கும். அளவுக்கு மேல் எடுத்தால் அதுவும் அரித்ததுபோலத் தெரியும். மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்று வீட்டில் சொல்வார்கள், வேருக்கும் சவரக் கத்திக்கும் சம்பந்தம் இல்லை.

பணம் பற்றியும் ஒன்று. நம் ஊரில் அழகுக்காகச் செய்யும் ஹேர் டிரான்ஸ்பிளான்ட்டுக்கு மருத்துவ விலக்கு கிடையாது, 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அவர்கள் சொன்ன தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவக் காப்பீடும் பொதுவாகத் தராது. இஎம்ஐ போட்டுக் கல்யாணச் செலவோடு இதையும் இழுக்க வேண்டாம்.

பனியன் ஊர்க்காரன்:

கிளினிக்குக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு தடவை போன் செய்து சலுகையைக் கூட்டினார்கள். அடுத்த வாரம் கோவை அரசு மருத்துவமனை தோல் பிரிவுக்குப் போகிறேன். அம்மாவிடமும் பேசினேன், தை வரைக்கும் என்ற கெடுவை விட்டுவிட்டார். அண்ணா, போட்டோ எப்படி எடுத்தீர்கள்?

பொருநைக்கரையான்:

நல்லது தம்பி. மாதம் ஒரு தடவை போதும், தினமும் எடுத்தால் மனதுதான் கெடும். ஒரே அறை, ஒரே லைட், ஒரே தூரம். தலை காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் இருக்கக்கூடாது, முடி நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். நெற்றியை நேராக, இரண்டு ஓரம், குனிந்து உச்சி என்று நான்கு கோணம். உச்சியை நீங்களே எடுக்க முடியாது, வீட்டில் யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். முதல் செட்டை மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள், ஓபிக்குப் போகும்போது போனில் இருக்கட்டும்.