பனி என்று நினைத்தது பாக்டீரியாவாக இருந்தது

பென்சில்வேனியாவில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நிற்கும் காலா வகை ஆப்பிள் மரம், பூக்கள் உதிர்ந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், கிளை நுனிகளிலிருந்து கருகத் தொடங்கியது. ஏப்ரல் மாதப் பின்பனிதான் தளிர்களைச் சுட்டுவிட்டது என்று நானாகவே முடிவு செய்து, மரம் விரைவில் தேறட்டும் என்ற ஆசையில் தழைச்சத்து மிகுந்த உரத்தை இட்டேன். அது பெரும்பிழை. உரத்தால் கொழுத்துக் கிளம்பிய இளந்தளிர்கள்தாம் அடுத்த பத்து நாள்களில் முதலில் கருகின.

பனி சுட்டிருந்தால் தளிர்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வாடியிருக்கும். இங்கோ ஒரு கிளை கருகி நிற்க, அதை ஒட்டிய கிளை பசுமையாக இருந்தது. கருகிய நுனிகள் தொரட்டிக்கோல் போல வளைந்திருந்தன, இலைகள் கறுத்தும் உதிராமல் தொங்கின. மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், காம்படியில் தேன்நிறத்தில் ஒரு சொட்டு திரண்டிருப்பதைக் கண்டு விரலால் தொட்டேன், பிசினாக ஒட்டியது. பட்டையைக் கத்தியால் மெல்லச் சீவியபோது, உள்ளே செம்பழுப்புக் கோடுகள் கீழ்நோக்கி இறங்கியிருந்தன. அப்போதுதான் இது ‘ஃபயர் பிளைட்’ எனப்படும் தீக்கருகல் நோய் என்பது உறுதியாயிற்று.

அமெரிக்காவில் 1780-களிலேயே நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பள்ளத்தாக்கில் காணப்பட்ட இந்நோய்க்கு, குளிரில் உறைந்த மரச்சாறே காரணம் என்று பலர் நம்பியிருந்தனர். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் தாமஸ் பர்ரில்தான் 1880 வாக்கில் பாக்டீரியாவைக் காரணமாகக் காட்டினார். பூக்கும் காலத்தில் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால், மழைத்துளியும் தேனீயும் அதைப் பூவுக்குப் பூ கொண்டு செல்கின்றன.

ஆப்பிளைத் தாக்கும் வேறு நோய்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இலையில் ஆலிவ் நிறத்தில் வெல்வெட் போன்ற திட்டுகள் இருந்தால் அது சொறிநோய். பளிச்சென்ற ஆரஞ்சுப் புள்ளிகள் இருந்தால், அருகிலுள்ள செஞ்சீடர் என்னும் ஊசியிலை மரத்திலிருந்து வரும் துருநோய். இவ்விரண்டும் பூஞ்சையால் வருபவை, மருந்தும் வேறு.

மழையில்லாத நாளில், கருகல் தெரியும் இடத்திலிருந்து 30 செ.மீ. கீழே வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் பின் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்தேன். உரமிடுவதை அடியோடு நிறுத்தினேன். இலையுதிர்ந்த குளிர்காலத்தில் மரத்தை மீண்டும் சுற்றிப் பார்த்தபோது, தண்டுக்கு அருகே ஒரு கிளையில் பட்டை உள்ளமிழ்ந்து, ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. நோய் குளிர்காலத்தைக் கழிக்கும் புண் அது. அந்தக் கிளையை முழுவதுமாக அகற்றிவிட்டேன்.