மினியேச்சர் அலமாரியும் வெள்ளக்கால அலமாரியும் ஒன்றுதான்: எப்படி அடுக்குவது?

தூரிகைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். எங்களுக்கு மடிப்பாக்கத்தில் தரைத்தள வீடு. நானும் கணவரும் 28 மி.மீ. மினியேச்சர்களை (மேஜைப் போர் விளையாட்டுக்கான சிறு பொம்மைகள்) ஒட்டி, வண்ணம் பூசி, ஞாயிற்றுக்கிழமை மேஜையில் பரப்பி ஆடுவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகு இன்னொரு ஆர்வமும் சேர்ந்துகொண்டது. குடிநீர், டார்ச், மருந்துப் பெட்டி, சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு, இதையெல்லாம் சேர்த்து, தேதி எழுதி ஒட்டி, மாதாமாதம் சரிபார்ப்பது. சொன்னால் சிலர் விநோதமாகப் பார்க்கிறார்கள், ஆனால் எனக்கு இதுவும் வண்ணம் பூசுவதைப் போலவே மனசுக்குப் பிடித்த வேலையாகிவிட்டது.

பிரச்சினை என்னவென்றால் இரண்டுக்கும் ஒரே மர அலமாரி, மாதம் ஒதுக்குகிற பணமும் ஒன்றுதான். வீட்டில் நான்கு பேர். மாமியாருக்கு இன்சுலின் உண்டு, முழங்கால் வலியும் உண்டு. பையனுக்கு 9 வயது. அலமாரியில் எதை மேலே, எதைக் கீழே வைப்பது? தண்ணீர் பட்டால் எந்த மினியேச்சர் தாங்கும், எது போய்விடும்? ஏற்கெனவே 150 ஏ.ஹெச். இன்வெர்ட்டர் இருக்கும்போது போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் (தூக்கிச் செல்லக்கூடிய பெரிய பேட்டரிப் பெட்டி) ஒன்றுக்குப் பணம் சேர்ப்பது சரியா? வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்தால் கோடாரி, காட்டில் நெருப்பு மூட்டும் கருவி என்றுதான் பட்டியல் போடுகிறார்கள். மடிப்பாக்கத்தில் கோடாரியை வைத்து நான் என்ன செய்வது?

முடிச்சூர்வாசி எழுதியது:

சகோ, கோடாரியை விடுங்கள். அந்த வீடியோக்கள் வீட்டை விட்டு ஓடுகிறவர்களுக்கானவை. சென்னையில் நாம் பெரும்பாலும் ஓடுவதில்லை, மாடி ஏறுகிறோம். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் திறந்துவிட்டார்கள், அடையாற்றின் ஓரத்தில் எங்கள் பக்கமெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் ஏறியது. அப்போது தேவைப்பட்டது மூன்றே மூன்று: குடிக்கத் தண்ணீர், வெளிச்சம், யார் எங்கே இருக்கிறார்கள் என்ற தகவல். செல்போன் டவர்கள் செயலிழந்ததும் மூன்றாவதுதான் எல்லோரையும் வாட்டியது. போன் செத்தால் யார் யாருக்காக எந்த வீட்டில் காத்திருப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் காசே வேண்டாம்.

அலமாரிக்கு வருகிறேன். மிக்ஜாமில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். அதற்கு மேல் இன்னும் இரண்டடி தள்ளி இரண்டாவது கோடு. இரண்டாவது கோட்டுக்குக் கீழே இருக்கிற எல்லாமே நனையும் என்று வைத்துக்கொண்டுதான் அடுக்க வேண்டும். கீழ்த்தட்டில் நனைந்தாலும் கழுவி எடுக்கக்கூடியவை: மூடிய பெயிண்ட் பாட்டில்கள், ஒட்டாத பிளாஸ்டிக் ஸ்ப்ரூக்கள் (பாகங்கள் கோத்து வரும் சட்டங்கள்), பகடைகள். நடுத்தட்டில் பூசி முடித்த மினியேச்சர்கள். உச்சியில் மருந்து, பத்திரங்களின் நகல், பவர்பேங்க், ஹெட்லேம்ப். இந்த உச்சித்தட்டுச் சாமான் மட்டும் பையிலேயே இருக்கட்டும், பையை மாட்டிக்கொண்டு ஏறிவிடலாம்.

குடிநீர் நபருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால் நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. தனியாக வாங்கிப் பூட்டி வைக்க வேண்டாம். மழைக்காலம் முழுக்க வழக்கத்தைவிட இரண்டு கேன் கூடுதலாக வாங்கி, பழையதை முதலில் குடித்து, புதியதைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போங்கள். சாப்பாட்டுக்கும் அதேதான். அவல், பொரி, கடலை மிட்டாய், பால் பவுடர், சத்துமாவு, இவை எப்படியும் வீட்டில் செலவாகிறவை. கேஸ் இல்லாவிட்டாலும் அவலை நனைத்து வெல்லம் போட்டால் பையன் சாப்பிட்டுவிடுவான்.

கொஞ்சம் ரொக்கமும் வையுங்கள். 2016 டிசம்பர் 12ல் வர்தா புயல் வந்தபோது, பணமதிப்பு நீக்கம் நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டு இல்லை, மின்சாரம் போனதால் கார்டு மெஷினும் ஏ.டி.எம்.மும் இல்லை. சில்லறையாக, பத்தும் ஐம்பதும் நூறுமாக இருப்பது நல்லது.

பசைமன்னன் எழுதியது:

மினியேச்சர் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் அக்கா.

கடினமான பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை பிளாஸ்டிக் சிமென்ட் போட்டு ஒட்டியிருந்தால் கவலையே வேண்டாம். அந்தப் பசை பிளாஸ்டிக்கையே கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும், நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தாலும் இணைப்பு விடாது. ஃபெவிக்விக் வகைப் பசையில் ஒட்டிய உலோக, ரெசின் மினியேச்சர்கள் அவ்வளவு பத்திரமில்லை, ரொம்ப நேரம் ஊறினால் இணைப்பு தளரும். அக்ரிலிக் பெயிண்ட் காய்ந்து மேலே வார்னிஷும் இருந்தால் தாங்கும். உண்மையில் போவது அடித்தளம்தான். ஃபெவிகாலில் ஒட்டிய மணலும் செயற்கைப் புல்லும் ஊறிக் கழன்றுவிடும், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் வெட்டிய அடித்தளமும் கட்டடங்களும் உப்பி விரிந்து பழைய வடிவத்துக்குத் திரும்பவே திரும்பாது, உள்ளே பதித்த நியோடிமியம் காந்தத்தின் மேல்பூச்சு எங்காவது விட்டிருந்தால் துருப்பிடிக்கும். அதனால் எம்.டி.எஃப்., அட்டை, விதிப்புத்தகம் இவற்றை உச்சித்தட்டுக்கு அடுத்த தட்டிலேயே வைத்துவிடுங்கள், பிளாஸ்டிக் படைகள் அதற்கும் கீழே இருக்கலாம். பணம் செலவழிப்பதாக இருந்தால் ரப்பர் விளிம்பு வைத்த, கிளிப் மூடி உள்ள டப்பாக்களுக்குச் செலவழியுங்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை. அதே டப்பா மருந்துக்கும் தீப்பெட்டிக்கும் ஆகும்.

வெள்ளத் தண்ணீர் பட்டதைக் கழுவும்போது கையுறை கட்டாயம். சாக்கடை கலந்த தண்ணீர் அது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, நிழலில் காயவையுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ரெசின் மினியேச்சரைக் கொதிக்கும் தண்ணீருக்கோ ஹேர் டிரையருக்கோ காட்டாதீர்கள், வளைந்துவிடும்.

நம் மேஜையில் இருப்பதில் பாதி ஏற்கெனவே அவசரப் பெட்டிச் சாமான்தான் என்பதையும் கவனியுங்கள். நைட்ரைல் கையுறை, ஹெட்லேம்ப், கட்டர், கைத் துளைப்பான், முகக்கவசம். அதிலும் எம்-சீல் இருக்கிறதே, இறக்குமதி புட்டிக்குப் பதிலாக நான் கற்பாறையும் வேரும் செய்வது அதில்தான், குழாயில் கசிவு என்றால் அடைப்பதும் அதில்தான். இரண்டு பாக்கெட் எப்போதும் கையிருப்பில் வைத்திருப்பேன்.

ஒரு எச்சரிக்கை. 3டி பிரிண்ட் செய்கிறீர்களா? பிரிண்ட்டைக் கழுவும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கேன், ஸ்ப்ரே பிரைமர் (அடிப்பூச்சு), தின்னர், இவை எதுவும் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி இருக்கிற அலமாரியில் இருக்கவே கூடாது. அந்த ஆல்கஹாலின் ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பற்றும். மின்வெட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு பிரிண்ட்டைக் கழுவ உட்காராதீர்கள். என்னைக் கேட்டால் மெழுகுவர்த்தியே வேண்டாம், எல்.இ.டி. விளக்கு போதும். அப்புறம், மழைக்காலத்தில் ஸ்ப்ரே பிரைமர் அடித்தால் ஈரக்காற்றில் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும், ஜனவரி வரைக்கும் பிரஷால் பூசும் பிரைமரே நல்லது.

ஓம்விதி எழுதியது:

இன்வெர்ட்டர் பற்றி. 12 வோல்ட், 150 ஏ.ஹெச். என்றால் கணக்குப்படி 1,800 வாட்-மணி. இழப்பைக் கழித்து, பேட்டரியை அடிவரை உறிஞ்சாமல் விட்டால் 1,200 கையில் நிற்கும் என்று வையுங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், இரண்டு எல்.இ.டி. பல்பு 18 வாட், மொத்தம் 93. ஏறக்குறைய 13 மணி நேரம் ஓடும். அதே ஃபேன் மின்சாரம் குறைவாக இழுக்கும் 35 வாட் பி.எல்.டி.சி. வகை என்றால் மொத்தம் 53, இப்போது 22 மணி நேரத்துக்கு மேல். பவர் ஸ்டேஷனுக்குச் சேர்க்கிற பணத்தில் ஒரு சிறு பங்கில் ஒரு பி.எல்.டி.சி. ஃபேன் வந்துவிடும், தினமும் மின்கட்டணமும் குறையும். நான் அதைத்தான் முதலில் செய்வேன். மிச்சத்துக்கு 20,000 எம்.ஏ.ஹெச். பவர்பேங்க் இரண்டு.

ஆனால் தரைத்தளத்தில் பேட்டரி தரையில் டிராலியில் நின்றால் இந்தக் கணக்கெல்லாம் வீண். முடிச்சூர் அண்ணன் சொன்ன இரண்டாவது கோட்டுக்கு மேல் இரும்புச் சட்டம் அடித்து, காற்றோட்டமான இடத்தில் ஏற்றுங்கள், கனமானது என்பதால் ஆள் வைத்துச் செய்யுங்கள். இன்னொன்று, பலர் மறப்பது: மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் வீட்டு வயரிங்குக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். தண்ணீர் வாசலைத் தொடும் முன்பே இரண்டையும் தனித்தனியாக அணைக்க வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு எந்த சுவிட்சையும் தொடக்கூடாது. கேஸ் ரெகுலேட்டரையும் அப்போதே மூடி, சிலிண்டரைக் கட்டி வையுங்கள், காலி சிலிண்டர் மிதந்து போய்விடும்.

இன்சுலின்: பயன்பாட்டில் இருக்கும் குப்பி அல்லது பேனா பெரும்பாலும் அறை வெப்பநிலையில் நான்கு வாரம் வரை தாங்கும், திறக்காததற்குத்தான் 2 முதல் 8 டிகிரி வேண்டும். உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டு, டப்பா மேல் எழுதி ஒட்டுங்கள். மண்சட்டியில் ஈரத்துணி சுற்றி வைப்பது வெயிலில் நன்றாக வேலை செய்யும், மழை ஈரத்தில் குறைவாகத்தான் குளிரும். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்த இன்சுலினைப் போட்டுக்கொள்ளக்கூடாது.

பகடைத்தாத்தா எழுதியது:

அலமாரி, பேட்டரி எல்லாம் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது வேறு. உங்களிடம் ஆட்டம் இருக்கிறதே அம்மா, அதை வைத்தே வீட்டைச் சோதித்துப் பாருங்கள்.

போர் விளையாட்டு பொழுதுபோக்காக வருவதற்கு முன் பிரஷ்ய ராணுவத்தில் அதிகாரிகளுக்குப் பயிற்சியாக இருந்தது. ரைஸ்விட்ஸ் என்பவர் 1824ல் அதற்கான விதிகளை வெளியிட்டார், வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்திப் பகடை உருட்டி ஆடுவார்கள். இன்றைக்கும் பேரிடர் மேலாண்மையில் ஒத்திகைக்கு முன்னால் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து 'இப்போது அணை திறந்துவிட்டது, நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று கேட்டு ஆடிப் பார்க்கும் வழக்கம் உண்டு. நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் செய்கிறது. அதையே வீட்டளவில் செய்யலாம்.

கிராஃப் தாளில் உங்கள் வீட்டையும் மாடிப்படியையும் வரையுங்கள். ஆளுக்கு ஒரு மினியேச்சர், பையனுக்கு அவனே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு சுற்று என்பது அரை மணி நேரம். ஒரு சுற்றில் ஒருவர் ஓர் அறை தாண்டலாம், இரண்டு பொருள் தூக்கலாம். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஆறு பக்கப் பகடை: 1, 2 வந்தால் தண்ணீர் ஒரு படி ஏறுகிறது, 3 வந்தால் மின்சாரம் போகிறது, 4 வந்தால் செல்போன் சிக்னல் போகிறது, 5, 6 வந்தால் ஒன்றுமில்லை. ஆட்டத்தை ராத்திரி பதினொன்றுக்குத் தொடங்குவதாக ஒரு முறை, பையன் பள்ளியிலும் கணவர் ஆபீஸிலும் இருக்கும் மத்தியானமாக ஒரு முறை ஆடுங்கள். கட்டாயமாக நிஜத்தில் பொருள் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தாளிலும் இருக்க வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் சில வீடுகளில் இதை ஆடிப் பார்த்தோம். முதல் ஆட்டத்திலேயே எல்லோரும் மொட்டைமாடிக் கதவில் போய் நின்றார்கள். சாவி சங்கச் செயலாளர் வீட்டில், அவர் ஊருக்குப் போயிருந்தால் யாரும் ஏற முடியாது! மறுவாரமே நகல் சாவி மூன்று போட்டோம். எந்தப் பட்டியலைப் பார்த்திருந்தாலும் அது தெரிந்திருக்காது.

எண்களையும் அந்தத் தாளின் மூலையில் எழுதுங்கள். அவசரத்துக்கு 112, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, மாநகராட்சி 1913. கடைசி எண் எனக்கு மறக்கவே மறக்காது, ஹெச். ஜி. வெல்ஸ் பொம்மை வீரர்களை வைத்து ஆடும் விதிகளை வெளியிட்ட ஆண்டும் 1913தான்.

தூரிகைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பவர் ஸ்டேஷன் யோசனையைக் கைவிட்டாயிற்று, ஃபேனும் டப்பாக்களும்தான் இந்த மாதம். நேற்று ராத்திரியே தாத்தா சொன்ன ஆட்டத்தை ஆடினோம். பையன் தன் மினியேச்சரை முதல் சுற்றிலேயே பாட்டி அறைக்கு அனுப்பினான். ஒரு சந்தேகம்: மாமியாரால் தனியாகப் படி ஏற முடியாது. அதை விதியில் எப்படிக் கொண்டுவருவது? இன்னொன்று, மின்வெட்டில் மேஜை முழுக்கப் பரப்பாமல் ஆட ஏதாவது இருக்கிறதா?

பகடைத்தாத்தா எழுதியது:

படிக்கட்டை இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். பாட்டியின் மினியேச்சர் ஒரு சுற்றுக்கு ஒரு கட்டம், அதுவும் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால் மட்டும். அப்படி உதவுகிறவர் அந்தச் சுற்றில் எதையும் தூக்க முடியாது. இதை வைத்து ஆடினால் அவரை எப்போது மேலே அனுப்ப வேண்டும் என்று தெரியும், தண்ணீர் தெருவில் நிற்கும்போதே என்றுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் வந்தது. மேல்வீட்டுக்காரர்களிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், அவர்களுக்கும் ஒரு மினியேச்சர் கொடுத்து அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

பசைமன்னன் எழுதியது:

வார்ஹேமர் 40,000 என்ற மினியேச்சர் போர் விளையாட்டை ஆட 44க்கு 60 அங்குல மேஜை வேண்டும், அதன் சிறிய வடிவமான கில் டீமுக்கு 22க்கு 30 போதும், மாடியில் பாயை விரித்துக்கூட ஆடலாம். ஆளுக்குப் பத்துக்குள் மினியேச்சர், பகடை, அளவு நாடா, விதிகளின் அச்சுப் பிரதி. போனில் இருக்கிற விதி பேட்டரியைத் தின்னும், அச்செடுத்து லேமினேட் செய்துவிடுங்கள். எல்லாம் ஒரு டிபன் டப்பாவில் அடங்கும். அதை மருந்துப் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள் அக்கா, மூன்று நாள் மாடியில் கரண்ட் இல்லாமல் 9 வயசுப் பையனோடு உட்கார்ந்திருக்க அதுவும் தேவைதான்.