செக்ரிடேஸ்: 'சுரப்பு நொதி' வேண்டாம், 'தறிப்பி' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அல்சைமர் நோயோடு தொடர்புடைய செக்ரிடேஸ் (secretase) என்ற நொதிக்குத் தமிழில் 'சுரப்பு நொதி' என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்த நொதி எதையும் சுரப்பதில்லை, வெட்டுகிறது. வெட்டுண்ட புரதத்தின் ஒரு பகுதி செல்லுக்கு வெளியே வந்துவிடுவதால் ஆங்கிலத்தில் 'secrete' (சுரத்தல்) என்ற சொல்லிலிருந்து அப்படிப் பெயரிட்டார்கள். அதையே நாமும் பெயர்த்தால், மாணவர் இரைப்பையில் சுரக்கும் பெப்சினைப் போன்ற ஒன்றைத்தான் நினைப்பார்.

'சிதைப்பி' என்ற மாற்றுச் சொல் அதைவிட மோசம். சிதைப்பது என்றால் உருக்குலைப்பது. இங்கே நடப்பது அதுவன்று. இந்த நொதி வெட்டும் அமிலாய்டு முன்னோடிப் புரதம் நரம்புச் செல்லில் பெரும்பாலும் 695 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. பெரும்பகுதி செல்லுக்கு வெளியே நீண்டிருக்கும், நடுத்துண்டு சவ்வில் ஊன்றியிருக்கும், வால் உள்ளே கிடக்கும். செக்ரிடேஸின் பீட்டா வகை, சவ்வுக்கு வெளியே ஓரிடத்தில் வெட்டுகிறது. எஞ்சிய அடிக்கட்டையைக் காமா வகை சவ்வுக்குள்ளேயே வெட்டி, பெரும்பாலும் மும்மூன்று அமினோ அமிலங்களாகச் செதுக்கிக்கொண்டே வருகிறது. 40 அமினோ அமிலங்களில் நின்றால் ஒரு துண்டு, 42-இல் நின்றால் வேறொன்று. கூடுதல் இரண்டே இரண்டுதான். ஆனால் அந்த 42 எளிதில் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, அல்சைமர் நோயாளியின் மூளையில் படிகிறது. ஆல்ஃபா வகையோ அந்தத் துண்டின் நடுவே, 16-க்கும் 17-க்கும் இடையில் வெட்டிவிடுவதால், முழுத் துண்டு உருவாகவே வழியில்லை. வெட்டு எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மரம் தறித்தல் என்கிறோமே, இலங்கைத் தமிழில் அது இன்றும் அன்றாட வினை. ஊன்றி நிற்பதை ஓரிடத்தில் துணிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. முதலில் 'தறிநொதி' என்று எழுதிப் பார்த்தேன். நெசவுத் தறி குறுக்கே வந்து நின்றது. ஆகவே 'தறிப்பி'. வெட்டு விழும் இடம் 'தறிப்பிடம்'.

சொல் தாங்குகிறதா என்று ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "காமா தறிப்பித் தடுப்பியான செமகாசெஸ்டாட்டின் மருந்தாய்வு 2010-இல் நிறுத்தப்பட்டது, காமா தறிப்பி, செல்களுக்கிடையே செய்தி கடத்தும் நாட்ச் புரதத்தையும் வெட்டுவதால், அதைத் தடுப்பது வேறு தீங்குகளுக்கும் வழிவகுக்கும்." எனக்கு இடறவில்லை. உங்களுக்கு?

அல்சைமர் நோயோடு தொடர்புடைய இன்னொரு புரதமான டௌவை வெட்டும் காஸ்பேஸ் என்ற நொதிக்கு மட்டும் இச்சொல்லை நீட்ட வேண்டாம். டௌ சவ்வில் ஊன்றி நிற்பதில்லை, செல்லுக்குள் நுண்குழல்களைப் பற்றியிருக்கிறது. அங்கே காஸ்பேஸ் காஸ்பேஸாகவே இருக்கட்டும்.