விதித்தாளின் மௌனம் அனுமதியாகுமா? ஒரு ஜிப்சியின் பட்டைகளை முன்வைத்து

ஓசூர் டூல்ரூம்:

சென்ற ஞாயிற்றுக்கிழமை வேப்பனப்பள்ளிப் பக்கம், மாந்தோப்புகளுக்கு நடுவே செல்லும் மண்பாதையில் நடந்த ராலியில் எங்கள் பழைய மாருதி ஜிப்சி ஜீப் இரண்டாம் இடம் பிடித்தது. மாலையில் வண்டியைச் சோதித்த பிறகு அந்த இடத்தைப் பறித்துவிட்டார்கள். ராலியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: இதில் வண்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுவதில்லை. நம் பக்கத்து எருது விடும் விழாவில் காளைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு, குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்று பார்ப்பதைப் போல, ஒவ்வொரு வண்டியும் தனியாகக் கடிகாரத்தோடு மோதுகிறது.

எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டி வண்டியைத் தாங்க வைக்கும் லீஃப் ஸ்பிரிங்கைப் பற்றி எங்கள் பிரிவுக்குரிய விதி இவ்வளவுதான்: 'லீஃப் ஸ்பிரிங்கில் உள்ள பட்டைகளின் எண்ணிக்கையும் நீளமும் கம்பெனி கொடுத்தபடியே இருக்க வேண்டும், ஷாக் அப்சார்பர் எதுவாகவும் இருக்கலாம்.' நாங்கள் எண்ணிக்கையை மாற்றவில்லை, நீளத்தையும் மாற்றவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் தலைப்பட்டையைத் தொடவே இல்லை. அதன் கீழ் இருந்த 6 மில்லிமீட்டர் பட்டைகளுக்குப் பதிலாக 5 மில்லிமீட்டர் ஸ்பிரிங் எஃகை வாங்கி, அதே நீளத்துக்கு வெட்டி, காவேரிப்பட்டணத்தில் லாரிப் பட்டைக்கு வளைவேற்றித் தரும் பட்டறையில் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் முக்கிப் பதமாக்கி மாட்டினோம். கல்லும் குழியுமான அந்தப் பாதையில் மற்ற ஜிப்சிகள் தவளையைப் போலக் குதித்தபோது எங்கள் வண்டியின் சக்கரங்கள் மண்ணை விட்டு எழவே இல்லை.

தடிமன் என்ற சொல்லே விதித்தாளில் இல்லாதபோது, அதை மாற்றினேன் என்று எப்படிக் குற்றம் சொல்ல முடியும்? எழுதப்படாததைப் பயன்படுத்துவதுதான் பொறியாளரின் வேலை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

பர்கூர் குவாரி:

மறுக்கிறேன், நண்பரே. எண்ணிக்கையையும் நீளத்தையும் அப்படியே வைக்கச் சொன்னவர், ஸ்பிரிங்கை அப்படியே வைக்கச் சொல்கிறார் என்பது உங்களுக்குப் புரியாமல் இல்லை; புரிந்ததனால்தான் தடிமனைத் தேர்ந்தெடுத்தீர்கள், ஏனென்றால் பட்டைகளை அடுக்கிக் கட்டிய பிறகு வெளியிலிருந்து எண்ண முடியுமே தவிர, ஒரு மில்லிமீட்டர் குறைவைக் கண்ணால் காண முடியாது.

இதே புத்திசாலித்தனத்தின் பெரிய வடிவத்தை 1995-ஆம் ஆண்டு உலக ராலி பார்த்தது. அப்போது டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி) வைத்த வண்டிகள் எல்லாம் 34 மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் காற்றை இழுக்க வேண்டும். எஞ்சின் எவ்வளவு பெரிய வித்தைக்காரனாக இருந்தாலும் அந்தக் கழுத்துக்கு மேல் மூச்சு விட முடியாது. டொயோட்டா அணி தன் செலிகா வண்டியில் அந்தத் துளையை 34 ஆகவே வைத்திருந்தது. ஆனால் குழாயை முழுவதுமாகப் பொருத்தி இறுக்கும்போது, உள்ளே மறைந்திருந்த ஸ்பிரிங்குகள் அழுந்தி, அந்தத் துளைப்பகுதி சில மில்லிமீட்டர் நகர்ந்து, பக்கவாட்டில் காற்று நுழைய ஓர் இடுக்கைத் திறந்துவிட்டது. சோதனைக்காகக் குழாயைக் கழற்றினால் ஸ்பிரிங் விடுபட்டு எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிடும். அளந்து பார்ப்பவருக்கு 34 மட்டுமே தெரியும். அக்டோபரில் ஸ்பெயினின் கட்டலூன்யா ராலியில் பிடிபட்டபோது, உலக மோட்டார் பந்தயங்களை ஆளும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் தலைவராக இருந்த மேக்ஸ் மோஸ்லியே அந்த வேலைப்பாட்டின் நுணுக்கத்தை வியந்தார். வியந்த கையோடு அணியின் புள்ளிகளைப் பறித்து, 12 மாதத் தடையும் விதித்தார்கள். வேலை நன்றாக இருந்தது என்பது தண்டனையிலிருந்து யாரையும் காப்பாற்றவில்லை.

ஓசூர் டூல்ரூம்:

அண்ணன் ஒப்பிட்டது பொருந்தாது. விதி 34 என்று சொன்னது. டொயோட்டா அதைவிடக் கூடுதலாகக் காற்றை இழுத்தது. அது மௌனத்தைப் பயன்படுத்தியதல்ல, எழுதிய சொல்லை மீறியது. என் வண்டியை அக்கக்காகப் பிரித்தாலும் விதித்தாளில் உள்ள ஒரு வரிகூட உடைந்திருக்காது.

எனக்குப் பொருந்தும் எடுத்துக்காட்டு லான்சியா டெல்டா எஸ்4 என்ற ராலி வண்டி. மாற்றங்களுக்கு மிகுந்த சுதந்திரம் தந்த குரூப் பி என்ற பழைய ராலிப் பிரிவின் காலத்தில் டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.4 ஆல் பெருக்கி, வரும் விடையைக் கொண்டு வண்டியின் பிரிவைத் தீர்மானித்தார்கள். லான்சியா தன் எஞ்சினை 1,759 சி.சி. என்று வடித்தது, பெருக்கினால் ஏறக்குறைய 2,463 வரும், அதாவது 2,500-க்குக் கீழ் அடங்கும், அந்தப் பிரிவுக்குரிய 890 கிலோ என்ற குறைந்தபட்ச எடையும் கிடைக்கும். பெஜோ 205-ன் 1,775 சி.சி.யும் இதே கணக்கில் பிறந்ததுதான்: 2,485. அதற்கு மேல் லான்சியா அந்தச் சிறிய எஞ்சினில் டர்போவோடு, எஞ்சினின் சுழற்சியாலேயே ஓடிக் காற்றைத் திணிக்கும் ஒரு சூப்பர்சார்ஜரையும் சேர்த்தது. இவர்களை யாரும் திருடர்கள் என்று சொல்லவில்லை. விதியைக் கூர்ந்து படித்தவர்கள் என்றுதான் சொன்னார்கள்.

சோதிப்பவர்களின் சொல்லே வேதவாக்கு என்றும் எண்ண வேண்டாம். 1966 மான்டி கார்லோ ராலியில் மினி கூப்பர்கள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்தும் முறை விதிக்கு ஒத்துவரவில்லை என்று காரணம் காட்டி மூன்றையும் நீக்கி, வெற்றியை சிட்ரோயன் ஓட்டிய பௌலி டோய்வோனனுக்குக் கொடுத்தார்கள். மலைப்பாதையில் வேகமாக வந்தது யார் என்பதில் அன்றும் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. விதியை வளைப்பது பட்டறையில் மட்டும் நடப்பதில்லை, சோதனைக் கொட்டகையிலும் நடக்கும்.

அரூர் இயற்பியல்:

நீங்கள் இருவரும் நீதியைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு அந்தப் பட்டைகளைப் பற்றித்தான் கவலை. வகுப்பறைப் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு, அதாவது தடிமன் × தடிமன் × தடிமன் என்பதற்கு ஏற்ப மாறும். 6-ஐ 5 ஆக்கினால் விறைப்பு 125/216 ஆகும். அதாவது மாற்றிய ஒவ்வொரு பட்டையும் தன் விறைப்பில் ஏறக்குறைய 42 விழுக்காட்டை இழக்கிறது. கையால் தடவினால் உணர முடியாத ஒரு மில்லிமீட்டருக்கு இவ்வளவு விளைவு இருப்பதால்தான் உங்கள் வண்டி அப்படி மண்ணைப் பிடித்து ஓடியது; இதில் எனக்கு வியப்பில்லை.

ஆனால் 'தலைப்பட்டையைத் தொடவே இல்லை' என்று நீங்கள் பெருமையாகச் சொன்ன இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது. கணக்கு எளிதாக இருப்பதற்காக, ஸ்பிரிங் கட்டுக்குள் ஐந்து பட்டைகள் சம பங்கில் சுமை தாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். முன்பு தலைப்பட்டை ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 20 விழுக்காட்டைத் தாங்கியது. கீழுள்ள நான்கும் தளர்ந்த பிறகு கட்டின் மொத்த விறைப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. எல்லாப் பட்டைகளும் ஒன்றாகவே வளைய வேண்டியிருப்பதால், தலைப்பட்டையின் பங்கு 30 விழுக்காட்டுக்கு ஏறுகிறது. தொடாமல் விட்ட பட்டையின் தலையில்தான் ஒன்றரை மடங்கு சுமையை ஏற்றியிருக்கிறீர்கள்.

ஜிப்சியில் லீஃப் ஸ்பிரிங் வண்டியைத் தாங்குவதோடு நிற்பதில்லை. அச்சை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதும் அதுதான், அந்தப் பிடிப்பு தலைப்பட்டையின் இரு முனைக் கண்கள் வழியாகத்தான் உடலோடு சேர்கிறது. அந்தப் பட்டை ஒரு பக்கம் முறிந்தால் அச்சு கோணலாகத் திரும்பும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் பிடித்திருக்க, வண்டி வேறு பக்கம் போகும். மாந்தோப்பின் ஓரத்தில் நின்று கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை நானும் பார்த்தேன்.

பர்கூர் குவாரி:

ஆசிரியர் ஐயா சொன்னதை நான் தினமும் பார்க்கிறேன். குவாரியிலிருந்து கிரானைட் கல் ஏற்றி வரும் லாரிகளில் முறிந்த பட்டைகளைப் பிரித்தால், பழைய விரிசலின் துரு ஒரு பாதியிலும், புதிதாக முறிந்த வெள்ளை மினுக்கம் மறுபாதியிலும் இருக்கும். பட்டை ஒரே நாளில் முறிவதில்லை. சொல்லாமல் பல நாள் முறிந்துகொண்டே இருக்கும். கம்பெனிப் பட்டையின் மேற்பரப்பைச் சிறு எஃகுக் குண்டுகளால் அடித்து இறுக்குவது விரிசல் தொடங்காமல் இருப்பதற்காகத்தான். காவேரிப்பட்டணத்துப் பட்டறையில் அதைச் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

லான்சியாவைப் புகழ்ந்தீர்கள், அந்தக் கதை முடிந்த இடத்தையும் சொல்லியிருக்கலாம். 1986 மே 2-ஆம் நாள் கோர்சிகாவில் அந்த எஸ்4 பாதையை விட்டு விழுந்து எரிந்ததில் ஹென்றி டோய்வோனனும், பக்கத்தில் குறிப்பு வாசித்த செர்ஜியோ கிரெஸ்டோவும் இறந்தார்கள். அந்த ஆண்டோடு குரூப் பி முடிந்தது. 1966-இல் வெற்றியைப் பெற்றார் என்று நீங்கள் சொன்ன பௌலி டோய்வோனனின் மகன்தான் அந்த ஹென்றி.

தொப்பூர் இறக்கம்:

சில ஆண்டுகள் போட்டிகளில் வண்டிகளைச் சோதிக்கும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியோடு எனக்குத் தொடர்பில்லை. இரு தரப்பும் ஒரு அடிப்படையைத் தவறவிடுகிறீர்கள்.

விதிகள் இரண்டு விதமாக எழுதப்படும். தடுத்தவை தவிர மற்றவை எல்லாம் அனுமதி என்பது ஒரு விதம். அனுமதித்தவை தவிர மற்றவை எல்லாம் தடை என்பது மற்றொரு விதம். கடையில் விற்கும் வண்டிக்கு மிக நெருக்கமாக இருக்க வேண்டிய குரூப் என் பிரிவுக்கு, எஃப்.ஐ.ஏ. விதிநூலின் 'ஜே' பிற்சேர்க்கை இரண்டாவது விதத்தைத்தான் கையாண்டது: அனுமதிக்கப்படாத மாற்றங்கள் அனைத்தும் தடைசெய்யப்பட்டவை என்று அது வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அந்த ஒரு வாக்கியம் இருக்கும் இடத்தில் மௌனம் என்பது அனுமதியல்ல, தடை. குரூப் பி-யின் கணக்கை எடுத்துக்கொண்டு வந்து, மாற்றப்படாத வண்டிகளுக்கான பிரிவில் வாதாடுவது, கபடி விதியைச் சொல்லிக்கொண்டு கோகோ ஆடுவதைப் போன்றது. ஆகவே டூல்ரூம் நண்பரிடம் ஒரே கேள்வி: உங்கள் விதித்தாளின் முதல் பக்கத்தில் அந்த வாக்கியம் இருந்ததா?

நடத்தியவர்களையும் நான் விடுவிக்கவில்லை. காலையில் வண்டியை ஓட அனுமதிக்கும் முன்பே தடிமனை அளக்கும் வெர்னியரை எடுத்து அளந்திருக்க வேண்டும். ஆபத்தான வண்டி என்று கருதினால் தொடக்கக் கோட்டிலேயே நிறுத்தும் உரிமை சோதிப்பவர்களுக்கு உண்டு. ஓடவிட்டு, வென்ற பிறகு அளப்பது பாதுகாப்புச் சோதனை ஆகாது. மேலும், எண்ணிக்கை, நீளம் என்று உறுப்புகளைப் பட்டியலிட்டால் விடுபட்ட உறுப்பை யாராவது தேடத்தான் செய்வார்கள். உலக ராலியின் மேல்மட்டப் பிரிவுக்காக 2022-இல் வந்த ராலி1 விதிகள் சக்கரம் ஏறி இறங்கக்கூடிய தூரத்துக்கே 270 மில்லிமீட்டர் என்று எல்லை வைத்தன; விளைவையே அளந்து எழுதிவிட்டால் வாதாட இடம் குறைகிறது.

பாலக்கோடு தக்காளி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஷாக் அப்சார்பர் எதுவாகவும் இருக்கலாம் என்று விதியே கதவைத் திறந்து வைத்திருக்கும்போது பட்டையில் ஏன் கை வைத்தீர்கள்? குழியில் இறங்கிய சக்கரம் உடனே கீழே நீண்டு மண்ணைத் தொட வேண்டும். அதற்கு ஷாக் அப்சார்பர் நீளும்போது காட்டும் தடையைக் குறைத்து, சுருங்கும்போது காட்டும் தடையைச் சற்றுக் கூட்டியிருந்தால் பாதிப் பலன் கிடைத்திருக்கும். எங்கள் ஊர்ப் பாதையில் நான் அதைத்தான் செய்கிறேன், பட்டைகளுக்கு இடையே கிராபைட் கிரீஸ் மட்டும் தடவுவேன்.

ஓசூர் டூல்ரூம்:

பாலக்கோடு தம்பி, சரிசெய்யக்கூடிய நான்கு ஷாக் அப்சார்பர்களின் விலைக்கு இன்னொரு பழைய ஜிப்சியில் பாதியை வாங்கிவிடலாம். பட்டைகளுக்கு எங்களுக்கு ஆனது அதில் சிறு பங்கு. பணமுள்ளவருக்கு விதி கதவைத் திறக்கிறது, கைத்திறன் உள்ளவருக்கு மூடுகிறது என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது, அதை நான் திரும்பப் பெறவில்லை.

ஆசிரியர் ஐயாவின் கணக்கை நேற்றிரவு மூன்று முறை போட்டுப் பார்த்தேன். நான் ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாகத்தான் எண்ணினேன். சுமை மறுபடி பங்கிடப்படும் என்பதை யோசிக்கவே இல்லை. இன்று காலை கட்டைப் பிரித்து, இடது பின்பக்கத் தலைப்பட்டையில் நடுப் போல்ட் துளைக்கு அருகே விரிசல் காட்டும் சாயத்தைத் தெளித்தேன். தலைமயிர் அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. அது பழைய கோடா, ஞாயிற்றுக்கிழமையின் கோடா என்று எனக்குத் தெரியவில்லை.

தொப்பூர் அண்ணன் கேட்ட வாக்கியம் விதித்தாளின் முதல் பக்கத்தில், பதிவுக் கட்டண விவரத்துக்குக் கீழே இருக்கிறது. நான் அதைப் போட்டிக்கு முன்பே படித்திருந்தேன். சந்தேகமிருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம் என்ற வரியும் அதன் கீழேயே இருந்தது. கேட்டிருந்தால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

தொப்பூர் இறக்கம்:

கோடு தெரிந்த பட்டையை வெல்டு வைத்து மறுபடி மாட்டிவிடாதீர்கள். பதம் போய், கண்ணாடியைப் போல உடையும்.

ஓசூர் டூல்ரூம்:

மாட்டவில்லை, அண்ணா. கிருஷ்ணகிரியில் கம்பெனிக் கட்டுக்குச் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வருகிறது. பாலக்கோடு தம்பி, அந்த கிராபைட் கிரீஸ் எந்தக் கடையில் கிடைக்கிறது?