என்காஸ்டிக் ஓடு: ‘பதிமண் ஓடு’ எனலாம்

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு நிற மண்ணில் வேறு நிற மண்ணைக் கோலமாகப் பதித்துச் சுட்ட விக்டோரியா காலத்து ‘என்காஸ்டிக்’ தரை ஓடுகளுக்கு, நம் கலைச்சொல் பட்டியலுக்காக இதுவரை மூன்று தமிழ்ச் சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன: சுட்டோவிய ஓடு, சித்திர ஓடு, குழம்புவார்ப்பு ஓடு. மூன்றையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

‘சுட்டோவியம்’, ‘சுட்டுப் பதித்தது’ என்னும் கிரேக்க மூலத்தின் வழியே செல்கிறது. ஆனால் சூளையில் வேகாத மண் ஓடு எது? மெழுகை உருக்கித் தீட்டும் பழைய ஓவிய முறைக்கும் அதே கிரேக்கப் பெயர்தான். சுட்டோவியத்தை அதற்கே விட்டுவிடலாம். ‘சித்திர ஓடு’ என்றால் மேலே வண்ணம் தீட்டியது என்றே படிப்பவர் நினைப்பார். இந்த ஓட்டில் தூரிகைக்கு வேலையே இல்லை.

செய்முறையைப் பாருங்கள். இடைக்கால ஆங்கிலத் தேவாலயங்களின் தரையில் இருந்த கலை இது. அதை மீட்டு 1830இல் சாமுவேல் ரைட் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் மட்பாண்ட நகரான ஸ்டோக்கில் ஹெர்பர்ட் மிண்டன் அதைப் பெருந்தொழிலாக வளர்த்தார். ஈரக் களிமண்ணை அச்சில் அழுத்தினால் பூவேலை பள்ளமாக விழும். அதில் வேறு நிறக் களிக்குழம்பை ஊற்றுவார்கள். இறுகியதும் மேற்பரப்பைக் கையால் சுரண்டிச் சமன்செய்வார்கள். அப்போதுதான் கோலம் தெளியும். இரண்டு மண்ணும் ஒரே அளவில் சுருங்க வேண்டும், இல்லையேல் பதித்த மண் பெயர்ந்துவிடும். அச்சால் ஒரே கோலம் எண்ணற்ற ஓடுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்தது. ஆனாலும் ஒவ்வோர் ஓட்டிலும் ஒருவரின் கை பட்டிருந்தது. லண்டனில் நாடாளுமன்றம் இயங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனைக்குக் கட்டடக் கலைஞர் பியூஜின் வரைந்த தரைக் கோலங்கள் இவ்வாறு உருவானவையே. நிறம் பூச்சாக இல்லாமல் உள்ளே இறங்கியிருப்பதால் கால்பட்டுத் தேய்ந்தாலும் கோலம் நெடுநாள் நிற்கும். நம் சொல்லும் இந்த இயல்பைத்தான் காட்ட வேண்டும்.

‘குழம்புவார்ப்பு’ ஓரளவு நெருங்கி வருகிறது. ஆனால் 1860களில் களிமண் தூளை அழுத்தியும் இதே வகை ஓட்டைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அங்கே குழம்பே இல்லை. குழம்பானாலும் தூளானாலும் மண்ணுக்குள் மண் பதிகிறது. ஆகவே ‘பதிமண் ஓடு’ என்பதே என் பரிந்துரை.

செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் அத்தங்குடிக் கல்லையும் இதில் சேர்க்கலாமா என்று கேட்ட அம்மையாருக்கு: வேண்டாம். அது சிமெண்டால் ஆனது, சூளைக்குப் போவதில்லை. சிமெண்ட் கற்களையும் ‘என்காஸ்டிக்’ என்று விற்கும் வழக்கம் ஆங்கிலத்தில் உண்டு. ‘மண்’ சேர்ந்திருப்பதால் நம் சொல்லில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

எழுதும்போது மட்டும் பிரித்தே எழுதுங்கள். ‘பதிமண்ணோடு’ என்று புணர்த்தினால் ‘பதிமண்ணுடன்’ என்று பொருள் திரிந்துவிடும். ‘பதிமண்’ வேறு துறையில் வேறு பொருளில் வழங்குவதாகத் தெரிந்தால் எழுதுங்கள். இல்லையெனில் பட்டியலில் ஏற்றிவிடலாம்.