அப்பாவின் கேமராவில் இருக்கும் பழைய பிலிமைக் கழுவ ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். மறைந்த என் தந்தையின் கேமராவில் ஏறத்தாழ 20 ஆண்டுகளாக ஒரு பிலிம் சுருள் அப்படியே இருக்கிறது. பின்மூடியிலுள்ள சிறு கண்ணாடி வழியே அது 400 ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு), 36 படங்களுக்கான வண்ணச் சுருள் என்று தெரிகிறது; எண்காட்டி 23-இல் நிற்கிறது.

வெள்ளி உப்புகளில் பதிந்து இன்னும் வெளிப்படாத பிம்பம் ஆண்டுதோறும் மங்குவதும், அதன்மேல் மூட்டம் படிவதும், அவர் முகம் என் நினைவில் கலைந்துவருவதைப் போலவே இருப்பதால், அந்தச் சிதைவை மறைக்காமல் ஒரு படத்தொடராக்க விரும்புகிறேன். இன்னும் படம் எடுக்கப்படாத சட்டங்களில் இரண்டை, பின்னர் வெட்டுவதற்கு இடமாக, இருட்டாக விட்டுவிட்டு, எஞ்சியவற்றில் அவருடைய மூக்குக்கண்ணாடியையும் வெற்று நாற்காலியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்க எண்ணுகிறேன். பழைய பிலிமுக்குப் பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் (அதாவது இருமடங்கு) கூடுதல் ஒளி என்ற பொதுக்கணக்கு இதற்குப் பொருந்துமா?

பிறகு முழு இருட்டில் சுருளை வெட்டி, என் பகுதியை முதலில் 38 டிகிரி செல்சியஸில், வண்ணச் சுருளுக்கு வழக்கமான சி-41 முறையில் சோதித்துப் பார்க்கலாமா, அல்லது முழுவதையும் கறுப்பு-வெள்ளை டெவலப்பரில் (பிம்பத்தை வெளிக்கொணரும் ரசாயனம்), மூட்டத்தைக் குறைக்கும் பென்சோட்ரையசோல் சேர்த்துக் கழுவுவதுதான் பாதுகாப்பானதா? என் படங்கள் வீணானாலும் பரவாயில்லை, அவர் எடுத்தவை தப்ப வேண்டும். இவ்வளவு பழைய சுருளைத் தம் கையால் கழுவிய அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.